அடியில் கிடந்த சத்தம்

உங்கள் வீட்டம்மா மேலே நிதானமாகப் பார்க்கட்டும். நீங்கள் உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

நான் இப்படித்தான் நிறுத்தி, சொல் சொல்லாகப் பேசுவேன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இருபத்தாறு வருஷம் காது கேளாதவர்களோடு பேசிய பழக்கம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு காது மெஷின் கடையில் நான் பரிசோதகர். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அழுத்துங்கள் என்று சொல்கிற ஆள் இருப்பான் இல்லையா, அது நான்தான்.

மேல் போர்ஷன் எட்டு மாதமாகக் காலியாகக் கிடக்கிறது. புரோக்கர் ஏதாவது சொல்லியிருப்பான். வீட்டுக்காரர் ஒரு மாதிரி, வருகிறவர்களை என்னவோ செய்யச் சொல்கிறாராம் என்று. சொன்னானா? பரவாயில்லை. நானே சொல்லிவிடுகிறேன். குடிவந்த பிறகு தெருவில் யாரோ சொல்லித் தெரிந்துகொள்வதைவிட என் வாயால் கேட்டுக்கொள்வது நல்லது.

என்ன? தண்ணியா? தண்ணீருக்குக் குறையே இல்லை, போர் போட்டிருக்கிறேன். ஓ, வண்டியா. வண்டியை உள்ளேயே நிறுத்திக்கொள்ளலாம். நீங்கள் கொஞ்சம் வாயைத் திறந்து பேச வேண்டும் சார். இரண்டு பக்கமும் விசைத்தறி, அதனால் சொல்கிறேன். அம்மாபேட்டையில் தறிச் சத்தம் இல்லாத வீடு எங்கே கிடைக்கும்? பத்து நாளில் பழகிவிடும். பழகிய பிறகு அது நின்றால்தான் காதில் விழும்.

போன குடித்தனக்காரர்களைப் பற்றிச் சொல்ல வந்தேன். தனசேகர் என்று பெயர். போஸ்டரில் டிஜே தன்ஸ். கல்யாண வரவேற்பு, காலேஜ் விழா, காதுகுத்து, எல்லாவற்றுக்கும் பாட்டுப் போடுவான். பெண்டாட்டி ரோஷினி, ஐந்து ரோடு சந்திப்பில் ஒரு செல்போன் ஷோரூமில் வேலை. இரண்டு வருஷம் இருந்தார்கள். நல்லபடியாகத்தான் இருந்தார்கள். போன விதம்தான் சரியில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு குட்டியானை வண்டி வாசலில் வந்து நிற்கிறது. என்னப்பா என்றால், காலி பண்ணுகிறோம் சார் என்கிறான். அத்தனை வேலை அவனுக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். அத்தனையும் சும்மா.

என்ன வேலை என்று சொல்கிறேன். வந்த புதிதில் ஒருநாள் பென்டிரைவோடு இறங்கி வந்தான்.

"சார், நீங்க காது டாக்டர்தானே?"

"டாக்டர் இல்லப்பா. பரிசோதகர்."

"அதேதான் சார். என் மிக்ஸ கேட்டுட்டு கார்க்காரன் திட்டறான். ஒரு பாட்டு எறும்பு ஊர்ற மாதிரி இருக்குதாம், அடுத்தது யானை மிதிக்கிற மாதிரி இருக்குதாம். ஒரு கை ஸ்டியரிங்லயும் ஒரு கை வால்யூம்லயும் வெச்சுக்கிட்டு ஏற்காடு ஏறவா முடியும்ங்கறான்."

வீட்டில் உட்கார்ந்து பாட்டுகளை ஒன்றோடொன்று கோத்துப் பதிவு செய்கிற மிக்ஸ் எல்லாவற்றுக்கும் இந்த வியாதி உண்டு. ஒரு பாட்டு பழையது, மெலிதாகப் பதிந்தது. அடுத்தது நேற்று வந்தது, காதைக் கிழிக்கும். மேடையில் என்றால் ஒரு ஆள் நின்று குமிழைத் திருகிக்கொண்டே இருப்பான். வீட்டில் டிஜே மட்டும்தான். அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருப்பான். அவன் காதுக்குள் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

அதைச் சமன் செய்ய வேண்டும். சமன் செய்வது என்றால் எல்லாவற்றையும் ஒரேயடியாக ஏற்றுவது இல்லை. கம்ப்யூட்டரில் சத்தம் அலை அலையாகத் தெரியும். உயரத்தைப் பார்த்து வெட்டினால் ஏமாந்து போவோம். கண்ணுக்கு உயரமாக இருப்பது காதுக்குச் சின்னதாக இருக்கும். காது எதைச் சத்தம் என்று எடுத்துக்கொள்கிறதோ அந்த அளவைப் பிடிக்க வேண்டும். அது என் தொழில் இல்லையா? இரைகிற இடத்தை அமுக்குவேன், முனகுகிற இடத்தைத் தூக்குவேன். ஒரு மணி நேர மிக்ஸ் முழுக்க ஒரே அளவில் ஓடும். கார்க்காரன் பெங்களூர் வரைக்கும் குமிழைத் தொட வேண்டாம்.

ஒரே ஒரு தொல்லை உண்டு. முனகுகிற இடத்தைத் தூக்கினால் அதன் அடியில் கிடப்பதும் சேர்ந்து எழும்பும். மின்விசிறி எழும்பும். குக்கர் விசில் எழும்பும். பல்லி எழும்பும். தறி, எப்போதும் தறி. தனா மைக்கை அணைக்கவே மாட்டான், அதுதான் காரணம். பாட்டுக்கு நடுவில் பேச வேண்டுமே. வெறும் அறையில் நின்றுகொண்டு, "சேலம்! சத்தம் பத்தல! எல்லாரும் கையத் தூக்குங்க!" என்று கத்துவான். பின்னாலிருந்து ரோஷினி குரல் வரும். "டேய் தனா, நான் மாவு பிசையறேன்டா. எந்தக் கையத் தூக்கறது?"

இதையெல்லாம் வெட்டி எடுப்பேன். வெட்டும்போது எனக்கே சிரிப்பு வரும். ஆனாலும் கட்டின புருஷனை டேய் என்று கூப்பிடுவது எனக்குப் பிடிக்காது. சொல்லியும் பார்த்தேன். "சார், அவன் காலேஜ்ல எனக்கு ஜூனியர் சார்" என்றாள். இதைக் கேட்டு இந்திராணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர்கள் மேலே போன பிறகும் அடுப்படியில் தனியாக நின்று சிரித்தாள்.

இந்திராணி என் மனைவி. அதோ, அதுதான் படம்.

அவளுக்குக் குரல் எழும்பாது. சிரித்தாலும் அப்படித்தான், பேசினாலும் அப்படித்தான். கல்யாணமாகி வந்த வீட்டில் மாமனார் மாமியார், கொழுந்தன்கள் என்று ஒன்பது பேர். பெண் குரல் முன்னறைக்கு வரக்கூடாது என்று இருந்த வீடு. அப்போது இறங்கியது, பிறகு ஏறவில்லை. எத்தனை தடவை அவளிடம், "என்ன? என்ன சொன்ன? வாயத் தொறந்து பேசு" என்று சொல்லியிருப்பேன். ஊரில் இருக்கிற காதையெல்லாம் அளக்கிறவன், வீட்டில் மட்டும் என்ன என்ன என்று கேட்கவேண்டியிருந்தது. கடைசி நாலைந்து வருஷம் ரொம்பவே குறைந்துவிட்டது அவள் குரல். ஒருநாள், "உங்களையும் அந்தக் கண்ணாடி ரூமுல ஒருதடவ உக்கார வெச்சுப் பாருங்களேன்" என்றாள். என்னை! நான் யாரிடம் போய் உட்கார? அந்த மெஷினை ஓட்டுகிறவனே நான்தானே.

என்னை அவள் ஏங்க என்றுதான் கூப்பிடுவாள். எல்லார் வீட்டிலும் அதுதானே. ஒருதடவை கூப்பிடுவாள், நான் திரும்பாவிட்டால் அவளே எழுந்து வந்துவிடுவாள். இரண்டாம் தடவை கூப்பிட மாட்டாள்.

போன ஆடியில் ஒரு புதன்கிழமை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை கரண்ட் இல்லை. கடைக்கும் அன்று விடுமுறை. தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. அவ்வளவு அமைதியில் எனக்கு வேலை நன்றாக ஓடும். இதோ, இந்த மேஜை. லேப்டாப்பில் சார்ஜ் ஏற்றி வைத்திருந்தேன். தனா ஏதோ காலேஜ் விழாவுக்குப் போட்ட பழைய மிக்ஸ் ஒன்றைச் சமன் செய்துகொண்டிருந்தேன். ஹெட்போன், காதை முழுக்க மூடுகிற ஹெட்போன். கடையில் பரிசோதனைக்கு வைத்திருப்பது மாதிரியே வாங்கினேன். வெளிச்சத்தம் உள்ளே வராது. அதாவது, அதிகம் வராது.

மேலே தனா இன்வெர்ட்டரை வைத்து ஒரு புது மிக்ஸைப் பதிவு செய்துகொண்டிருந்தான். அவனும் ஹெட்போன். ரோஷினி வேலைக்குப் போய்விட்டாள். ஒன்பது மணி டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாளே, அந்த ஷோரூம் யூனிஃபார்ம் சேலையில். இந்திராணி பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். வாஷிங் மெஷின் ஓடாதே. நாளைக்குத் துவைத்திருக்கலாம். ஆனால் மறுநாள் ஓமலூரில் இலவசக் காது பரிசோதனை முகாம், எனக்கு வெள்ளைக் கோட்டு வேண்டும் என்று சொல்லியிருந்தேன். சும்மா ஞாபகப்படுத்தினேன், அவ்வளவுதான். இன்றைக்கே துவை என்று சொல்லவில்லை.

ஒன்றே முக்காலுக்குப் பசித்தது. சாப்பிடக் கூப்பிடவில்லையே என்று நினைத்துக்கொண்டு ஹெட்போனைக் கழற்றினேன். பின்னால் போனேன். துவைக்கிற கல்லுக்கும் தொட்டிக்கும் நடுவில் உட்கார்ந்த வாக்கில் சாய்ந்திருந்தாள். கையில் கோட்டு. நுரை காய்ந்துபோயிருந்தது.

ஒரு மணி நேரத்துக்கு மேலே ஆகியிருக்கும் என்றார் டாக்டர். மாரடைப்பு. உடனே போயிருக்காது, கொஞ்ச நேரம் இழுத்திருக்கும் என்றார். அதை அவர் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

நான் கத்தியது தனாவுக்குக் கேட்கவில்லை. மேலே ஏறிப் போய் அவன் தோளைத் தொட்டுத்தான் கூப்பிட்டேன். ரோஷினிக்கு அவன் போன் செய்தான், மூன்று மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினாள். அழுத அழுகை இருக்கிறதே, சொந்தத் தங்கை அழ மாட்டாள் அப்படி.

இந்திராணிக்கு ஒரே தம்பி, குமரகுரு. ராசிபுரத்தில் இருக்கிறான். வெளியே பாடை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவன் என்னிடம் வந்தான்.

"மாமா, அக்கா கூப்பிடவேயில்லையா?"

"இல்லப்பா."

"கூப்பிட்டிருக்குமே மாமா. இங்கதானே இருந்தீங்க?"

"கூப்பிட்டா எனக்குக் கேக்காதா? நான் என்ன தொழில் பண்றேன்னு உனக்குத் தெரியாதா?"

எல்லார் முன்னாலும் சொன்னேன். கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். பதினாறாம் நாள் காரியத்திலும் கேட்டான். அதே பதில்தான். ஒருவன் எத்தனை தடவை கேட்டால் என்ன, நடந்தது ஒன்றுதானே? அவன் வேறு ஒன்றும் கேட்பதில்லை சார். சொத்து கேட்கவில்லை, நகை கேட்கவில்லை. இதை மட்டும் கேட்கிறான்.

தனா மூன்று மாதம் பாட்டே வைக்கவில்லை. சாவு விழுந்த வீடு என்று. அதைச் சொல்லத்தான் வேண்டும், அந்த மரியாதை இருந்தது அவனுக்கு. ஐப்பசியில் தயங்கித் தயங்கி இறங்கி வந்தான். முகூர்த்த சீசன், ஒரு பெரிய கல்யாணம் கிடைத்திருக்கிறது, நாலு மிக்ஸ் இருக்கிறது, முடியுமா சார் என்றான். எனக்கும் கை சும்மா இருந்தது. கொடு என்றேன்.

மூன்று ஒழுங்காக முடிந்தது. நாலாவதை எடுத்தேன். ஓடவிட்டுக் கேட்கும்போது ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருந்தது. பாட்டில் குறையில்லை. பேச்சிலும் குறையில்லை, கையைத் தூக்குங்க என்று கத்துகிறான். என்ன குறைகிறது என்று தெரிய எனக்குப் பத்து நிமிஷம் பிடித்தது. தறி. தறிச் சத்தம் இல்லை. அவனுடைய மிக்ஸ் எதிலும் தறி இல்லாமல் இருந்ததில்லை.

பதிவான தேதியைப் பார்த்தேன். அந்தப் புதன்கிழமை.

அப்போதே மூடி வைத்திருக்க வேண்டும். ஆனால் வேலை வேலைதானே? நாற்பத்தோராவது நிமிஷத்தில் ஒரு பாட்டு இறங்கி இன்னொன்று ஏறுகிற இடம். ரொம்ப மெலிதாக இருந்தது. தூக்கினேன். தூக்கினால், அடியில், "ஏங்க."

இன்னும் கொஞ்சம் தூக்கினேன். ஒன்பது, பத்து விநாடிக்கு ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும், "ஏங்க." மறுபடியும் ஒன்று. நாலாவதில் பாதிதான் இருக்கிறது. புதுப் பாட்டு ஏறி மூடிவிடுகிறது.

அவன் மைக் வைத்திருக்கிற இடம் பின் ஜன்னல். ஜன்னலுக்கு நேர் கீழே துவைக்கிற கல்.

ஓட்டத்தை நிறுத்தினேன். பிறகு யோசித்தேன். கடையில் ஒன்று பார்த்திருக்கிறேன் சார். சத்தமே வராதபோதும் சிலர் பட்டனை அழுத்துவார்கள். பொய் இல்லை, அவர்களுக்கு உண்மையாகவே கேட்கும். காது அவ்வளவு ஏங்கிக் கிடக்கும். நாமும் அப்படி அழுத்துகிறோமோ என்று எனக்குத் தோன்றியது. இன்னொரு காது வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரையும் கீழே கூப்பிட்டேன்.

தனாவுக்கு முதலில் போட்டேன். கேட்டான். ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தான். ரோஷினி அதை எடுத்து மாட்டிக்கொண்டாள். இரண்டு தடவை கேட்டாள். கழற்றினாள். தனாவைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அது நான்தான் சார்" என்றாள்.

"நீயா?"

"நான்தான். தனாவைக் கூப்பிட்டேன்."

"நீ அன்னிக்கு வேலைக்குல்ல போன?"

"தலைவலின்னு நடுவுல வந்துட்டுப் போனேன் சார். கீழ நின்னு சாவி கேட்டேன். இவன் எங்க கேக்கறான்."

"ஏங்கன்னா கூப்பிட்ட?"

"சும்மா… விளையாட்டுக்கு. அக்கா கூப்பிடற மாதிரி."

தனா ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் கையைப் பிடித்தாள். "ஆமாதானேடா?" என்றாள். "ஆமா சார்" என்றான்.

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது. நினைத்துப் பார்த்தால் சரியாகத்தான் வருகிறது. இந்திராணி இரண்டாம் தடவை கூப்பிட மாட்டாள், இந்தக் குரல் நாலு தடவை கூப்பிடுகிறது. அவள் எங்கே நாலு தடவை கூப்பிடுவாள்? அதோடு, ரோஷினி தினம் இந்திராணியோடு உட்கார்ந்து பேசியவள். ஒருவரைப் பார்த்து ஒருவருக்கு நல்ல பழக்கம் ஒட்டிக்கொள்வதுதானே? புருஷனை டேய் என்று கூப்பிட்ட பெண் ஏங்க என்று கூப்பிடக் கற்றுக்கொண்டிருக்கிறாள். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பஸ்ஸுக்கு ஓடியவள் திரும்பி வந்ததை நான் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டா உட்கார்ந்திருந்தேன்?

அந்தச் சொல்லை யோசித்துப் பாருங்கள். அதில் பெயரே கிடையாது. இந்தத் தெருவில் ஒரு பெண் ஏங்க என்றால் நாலு வீட்டு ஆண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நம்மைக் கூப்பிட்டால் நமக்குத் தெரிந்துவிடும் என்கிற நம்பிக்கையில்தான் அந்தச் சொல் ஓடுகிறது. ரோஷினி கூப்பிட்டதாவது உமக்குக் கேட்டதா என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவில்லை. எப்படிக் கேட்கும்? அது எனக்கான குரல் இல்லையே. நம் குரல் என்றால் காது தானாகத் திரும்பும்.

"அத எடுத்துடுங்க சார்" என்றாள் ரோஷினி. எடுத்தேன். எடுத்த இடத்தில் பள்ளம் தெரியாமல், பக்கத்தில் இருக்கிற வெறும் சத்தத்தைக் கொஞ்சம் வெட்டி ஒட்டினேன். அந்த மிக்ஸ் இப்போது எத்தனையோ கார்களில் ஓடுகிறது. முதலிலிருந்து கடைசி வரை ஒரே அளவு. வெட்டி எடுத்ததைத் தனியாக வைத்திருக்கிறேன். இன்னொருத்தன் பெண்டாட்டி குரல் உமக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். வேலை செய்த எதையும் நான் அழிப்பதில்லை.

அதற்குப் பிறகுதான் அவர்கள் மாறிப்போனார்கள். அதுவரை சார் சார் என்று படியில் நின்று பேசுகிற பெண், என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு ஏறிவிடுவாள். தனா மிக்ஸ் கொண்டுவருவதை நிறுத்திவிட்டான். மைக்கையும் பின் ஜன்னலிலிருந்து எடுத்துவிட்டான் என்று தெரிந்தது. ஒருநாள் நானே படியேறிப் போய், அன்றைக்கு எத்தனை மணிக்கு வந்தாய், எங்கே நின்று கூப்பிட்டாய், கல் பக்கத்திலா, மாடிப்படி பக்கத்திலா என்று ரோஷினியிடம் கேட்டேன். ஒரு விவரத்துக்குத்தான். ஞாபகமில்லை சார் என்றாள். இரண்டு நாள் கழித்துக் கேட்டேன். அப்புறம் ஒருமுறை கேட்டேன். இதில் என்ன தப்பு? அடுத்த ஞாயிற்றுக்கிழமை குட்டியானை வந்து நின்றுவிட்டது. போகும்போது உள்ளே வந்தாள். இந்திராணி படத்தின் முன்னால் நின்று, அக்கா, அக்கா என்று அழுதாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வருத்தமாக இருக்காதா சார்?

இப்போது அடுத்த வாரம் வருஷத் திதி வருகிறது. குமரகுரு வருவான். சாப்பிட்டுக் கை கழுவின பிறகு கேட்பான். எனக்குத் தெரியும். இந்தத் தடவை அவனுக்கு வாயால் பதில் சொல்லப்போவதில்லை. மாப்பிள்ளை, இதோ ஒரு மூன்றாம் மனிதர், இவர் முன்னாலேயே பார்த்தாகிவிட்டது, இந்த மேஜையில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாலும் அந்தக் கல் பக்கத்தில் நின்று கூப்பிட்டால் எனக்குக் கேட்கிறது, ஆகவே உன் அக்கா கூப்பிடவில்லை. அவ்வளவுதான். முடிந்தது.

அதைத்தான் வருகிறவர்களிடம் கேட்கிறேன். சின்ன உதவி. இதற்குப் போய் ஒரு மாதிரி என்கிறார்கள். போன மாதம் பாங்கில் வேலை செய்கிற ஒருவர் மனைவியோடு வந்தார், அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்களே தவிர, கூப்பிடவில்லை. அதற்கு முன்னால் ஒரு டீச்சர் அம்மா நல்லவர்கள், பின்னால் போய் நின்றார்கள். ஆனால் அண்ணே என்று கூப்பிட்டுவிட்டார்கள். அதுவும் கத்தி. அது கணக்கில் வராது. சொல் அதுவாக இருக்க வேண்டும், அளவும் அதுவாக இருக்க வேண்டும்.

ஆ, இறங்கிவிட்டார்கள். வாங்கம்மா. வீடு பிடித்ததா? அலமாரி போதுமா? நல்லது. அம்மா, ஒன்று கேட்கிறேன், இவரை வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள்? … பார்த்தீர்களா சார், அதேதான்! உட்காரவேண்டாம்மா, ஒரே நிமிஷம். இவர் உங்களுக்கு அப்புறம் எல்லாம் விவரமாகச் சொல்வார். இந்த நடை வழியாகப் பின்னால் போங்கள். துவைக்கிற கல் இருக்கும், அதன் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். ஐந்து நிமிஷத்துக்குள் எப்போது தோன்றுகிறதோ அப்போது இவரைக் கூப்பிடுங்கள். சாதாரணமாக, வீட்டில் கூப்பிடுகிற மாதிரி. கத்த வேண்டாம். கத்தினால் அது யார் குரல் போலவும் இருக்காது.

நீங்கள் இப்படி என் எதிரில் உட்காருங்கள் சார். உங்களுக்குக் கேட்டாலும் கையைத் தூக்கக்கூடாது, முகத்தில் காட்டக்கூடாது. எனக்குக் கேட்டதும் நான் கையைத் தூக்குவேன். நீங்கள் சாட்சி, அவ்வளவுதான். அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்த மிக்ஸையே வைக்கிறேன். அதே அளவு.

மாட்டிக்கொண்டேன்.

ஓடுகிறது. பேசிக்கொண்டே இருக்கிறேனே என்று நினைக்க வேண்டாம், பேசினாலும் எனக்குக் கேட்கும். ம். போய்ச் சேர்ந்திருப்பார்களா? கல் அங்கேதான் இருக்கிறது, வழி தெரியாமல் போகாது.

அவசரமில்லை.

என்ன சார், ஏன் திரும்பிப் பார்க்கிறீர்கள்? என்னைப் பாருங்கள். இன்னும் இரண்டு நிமிஷம் இருக்கிறது.

கூச்சப்படுகிறார்கள் போலிருக்கிறது. புது இடம் இல்லையா.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள். உட்காருங்கள் சார், அவர்களை வரச் சொல்லாதீர்கள், இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே. எதற்கு வாயை அசைக்கிறீர்கள்? நீங்கள் பேசக்கூடாது. முதலில் அவர்கள் கூப்பிடட்டும். நான் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறேன்.